பதினைந்தாவது கையெழுத்து

கயிறு என்றால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கிணற்றுக் கயிறும் மாட்டுக் கயிறும் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் சொல்வது பந்தடி மைதானத்தைச் சுற்றிக் கட்டுகிற கயிற்றை.

எண்பத்து நாலாம் ஆண்டு அரியாலையில் ஒரு போட்டி. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உதைபந்தாட்டம். மயிலிட்டிப் பெடியளை இரண்டு பஸ் மாறி அழைத்துப் போயிருந்தேன். தண்ணீர்ப் போத்தல்களையும் தோடம்பழப் பையையும் தூக்கிக்கொண்டு பயிற்றுநர் இருக்கிற வாங்குப் பலகையில் உட்காரப் போனபோது, சட்டையில் ரிப்பன் குத்திய ஒருவர் வந்து மறித்தார்.

"மாஸ்டர், உங்களிட்டைப் பயிற்றுநர் பத்திரம் இருக்கோ?"

"என்ன பத்திரம்?"

"பெடியளைப் பழக்கிறவை இனிப் பத்திரம் எடுக்கவேணும். புதுச் சட்டம். இல்லாட்டிக் கயித்துக்கு அங்காலைதான் நிக்கவேணும். அங்கை நிண்டு கத்தவும் கூடாது, கத்தினா ரீமைத்தான் வெளியிலை அனுப்புவம்."

கடலை விற்பவனுக்கும் ஐஸ்பழப் பெட்டிக்காரனுக்கும் நடுவில் போய் நின்றேன். இடதுபக்கம் விளையாடிய பெடியன் பத்தாவது நிமிடமே நொண்டத் தொடங்கிவிட்டான். அவனை மாற்றச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மூன்று கோல் வாங்கினோம், மூன்றும் அந்தப் பக்கத்தால்தான் போயின. கடலைக்காரன் என்னைப் பார்த்து, "உந்த ரீமை ஆரோ ஒரு விசரன்தான் பழக்கியிருக்கிறான்" என்றான். நான் அவனிடம் ஒரு சுருள் கடலை வாங்கித் தின்றேன்.

நான் மயிலிட்டிக்காரன் இல்லை. கரவெட்டியில் வெங்காயமும் புகையிலையும் செய்கிற குடும்பம். மயிலிட்டித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஆலை ஒன்றில் இயந்திரம் பார்க்கும் வேலை கிடைத்து வந்தவன். ஆலைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. இயந்திரம் ஓடும்போது கட்டிலும் சேர்ந்து அதிரும். அது நின்றுவிட்டால் அந்த அமைதியில் எனக்கு நித்திரை வராது. பேச ஆளில்லாத மனிதனுக்கு இயந்திரத்தின் சத்தமும் ஒரு பேச்சுத்தான். மாதம் ஒருமுறை ஊருக்குப் போனால் என்னைப் பெற்ற ஐயா கேட்பார், "உனக்கென்ன கடற்கரைப் பெடியளோடை பந்தடி?" அந்தக் கேள்வியில் பந்தடி பெரிய விசயமில்லை, கடற்கரைதான் பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்தச் சாதிப் பேதம் எல்லாம் கிடையாது என்று மனதுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மைதானத்தில் பெடியள் காத்திருப்பார்கள். ஒரு நாளில் நான் மனிதரோடு கதைத்த நேரம் என்றால் அந்த ஒன்றரை மணித்தியாலந்தான். அதனால் அந்தப் பத்திரத்தை எப்படியும் எடுப்பது என்று அரியாலையிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். பத்திரம் இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் அணியைப் பதியவே முடியாதாம். பத்திரம் உள்ள வேறு யாராவது வந்து என் பெடியளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன்.

ஒரு பத்திரத்துக்கு இவ்வளவு சடங்கா என்று கேட்கக்கூடாது. கலியாணத்துக்குக்கூட இவ்வளவு இல்லை. ஊர் அதிகாரியான விதானையாரிடம் நன்னடத்தைக் கடிதம், வைத்தியரிடம் உடம்பு நல்லது என்ற கடிதம், முதலுதவி வகுப்பில் தேறிய சான்று. யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஆறு சனிக்கிழமை வகுப்பு, பிறகு எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை. எல்லாவற்றுக்கும் மேலே பெடியளின் பதிவேடு.

வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். அநேகமானோர் பள்ளிக்கூட ஆசிரியர்கள். செய்முறைப் பரீட்சைக்குச் சிறுவர்களைக் கொண்டுவர முடியாததால், ஒருவர் பழக்க மற்றவர்கள் சிறுவர்களாக நடிக்க வேண்டும். வண்டியும் தொந்தியுமான கணக்கு வாத்தியார் ஒருவர் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக நடித்து என்னிடம் "சேர், தண்ணி விடாய்க்குது" என்று சிணுங்கியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். பரீட்சகர் சிரிக்கவில்லை. பிள்ளை தண்ணீர் கேட்டால் உடனே கொடுக்க வேண்டும், அதற்கு ஐந்து புள்ளி என்றார். எழுத்துப் பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளிகள். கோல் கீப்பர் இடையில் மைதானத்தை விட்டுப் போக நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அரைப் பக்கம் எழுதினேன்.

எல்லாம் முடிந்தது, பதிவேடுதான் மிச்சம். ஆகக் குறைந்தது பதினைந்து பெடியள். பெயர், பிறந்த திகதி, விலாசம், தாய் அல்லது தகப்பனின் கையெழுத்து. மூன்று பிரதிகள்: ஒன்று எனக்கு, ஒன்று பட்டணத்துக்கு, ஒன்று கொழும்புக்கு.

இந்தச் சட்டத்தை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். பிள்ளைக்கு அடிபட்டால் யாரிடம் சொல்வது, வயதில் யாரும் கள்ளம் செய்யாமல் எப்படிப் பார்ப்பது என்று யோசித்திருப்பார். ஆனால் அவர் அந்த வருடம் மயிலிட்டியில் இருக்கவில்லை. பலாலி இராணுவ முகாம் கூப்பிடு தூரம். சுற்றிவளைப்பு வந்தால் இளம் பெடியளை வரிசையில் நிறுத்தி, கையில் இருக்கிற பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் பதினைந்து பெடியளின் பெயரையும் வயதையும் விலாசத்தையும் ஒரே தாளில் எழுதித் தாருங்கள் என்று கேட்பது, வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று நெருப்புக்குச்சி கேட்பது மாதிரி.

கேட்டேன். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு தகப்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களை நம்பித்தான் போடுறன் மாஸ்டர்" என்று போட்டார். இன்னொருவர் கரைக்கு வந்த வள்ளத்தில் இருந்தபடியே ஈரக்கையால் போட்டார், மை ஊறிப் பரவியது. பதினாலு சேர்ந்தது.

பதினைந்தாவது எங்கள் கோல் கீப்பர். தகப்பன் கடலோடு போனவர். தமையனை முந்தின சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாது. தாயும் இவனும் மைதானத்துக்குப் பின்னால் இரண்டாவது ஒழுங்கையில் இருந்தார்கள். பந்து எந்தப் பக்கம் வரப்போகிறது என்று உதைப்பவனுக்குத் தெரியுமுன் இவனுக்குத் தெரியும். அவன் இல்லாமல் அணி இல்லை, பதினைந்து ஆள் கணக்கும் நிறையாது.

மூன்று தரம் போனேன். மூன்று தரமும் வாசற் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்று கதைத்தேன். தாய் உள்ளே நின்று, படலையில் கை வைத்தபடி மறுமொழி சொன்னார்.

"அக்கா, இது விளையாட்டுக்கு மட்டுந்தான்."

"விளையாடட்டும் மாஸ்டர், நான் மறிக்கேல்லை. பேரைத் தாளிலை எழுதாதையுங்கோ."

"எழுதாட்டி விளையாட விடமாட்டினம் அக்கா."

"மூத்தவனையும் தாளைப் பாத்துத்தான் கூப்பிட்டவங்கள். எனக்குத் தாள் வேண்டாம்."

மூன்றாம் தரம் நான் தாளை நீட்டியபோது அவர் வாங்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. பிடிவாதக்காரி என்று எரிச்சலோடு திரும்பினேன். ஒரு சொட்டு மைக்காக என் ஆறு சனிக்கிழமையும் வீணாகப் போகிறதே என்றுதான் நினைத்தேன். அவருக்கு என்ன வீணாகப் போயிருந்தது என்று நினைக்கவில்லை. அந்த நேரத்தில் நான் அப்படிப்பட்டவனாக இருந்தேன், இதை மறைத்துப் பயனில்லை.

மூன்று நாள் கழித்து, பெடியன் வயதைக் காட்டப் பிறப்புப் பத்திரம் கொண்டுவந்தான். தாய்க்குத் தெரியாமல் பெட்டியில் இருந்து எடுத்துவந்திருக்கிறான் என்று அவன் அதைச் சட்டைக்குள் வைத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அதில் தாயின் பெயர் இருந்தது. அறைக்குப் போய், வேறு பேனை எடுத்து, மூன்று பிரதியிலும் அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டேன். பெண்களின் கையெழுத்துப் போல இருக்கட்டும் என்று எழுத்தைக் கொஞ்சம் சரித்து, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்தும் விட்டேன். கள்ளத்திலும் ஒரு கைவண்ணம்!

அடுத்த நாள் பெடியள் எல்லோரும் தங்கள் பெயரைப் பார்க்க வேண்டும் என்று பதிவேட்டைச் சுற்றி நின்றார்கள். கோல் கீப்பர் தன் வரியைக் கனநேரம் பார்த்தான்.

"அம்மான்ரை கையெழுத்து நல்ல வடிவா இருக்கு மாஸ்டர்" என்றான்.

தப்பினேன் என்று நினைத்தேன்.

பத்திரம் அடுத்த வருடத் தொடக்கத்தில் வந்தது. என் படம் ஒட்டி, அதன் மேல் முத்திரை குத்தி, ஐந்து வருடத்துக்குச் செல்லும் என்று எழுதியிருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. அறையில் யார் இருக்கிறார்கள்? ஐஸ் ஏற்ற வந்த லொறிக்காரரிடம் காட்டினேன். "லொறி ஓட்டவும் இது காணுமோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பருவத்தின் முதல் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று சந்தோசப்பட்டேன். இஸ்திரி போட்ட சேட்டு, பையில் பத்திரம். ரிப்பன் குத்தியவர் பார்த்துவிட்டுக் கயிற்றை உயர்த்திப் பிடித்தார், நான் குனிந்து உள்ளே போய் வாங்கில் இருந்தேன். அவ்வளவு நாளும் ஆசைப்பட்ட இடம். பலகையில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டு இருந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

முதல் பாதியில் யாருக்கும் கோல் இல்லை. எங்கள் பெடியன் இரண்டு நல்ல பந்தைப் பாய்ந்து பிடித்தான். இடைவேளையில், ஒலிபெருக்கிக்காரருக்குப் பாட்டுத் தட்டில் ஏதோ சிக்கல். பேசாமல் இருக்க முடியாமல், மேசையில் இருந்த பதிவேட்டை எடுத்து எங்கள் அணியை அறிமுகம் செய்யத் தொடங்கினார். பெயர், தாய் தகப்பன் பெயர், வயது, ஒழுங்கை. ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, கலியாண வீட்டில் மொய் வாசிப்பது போல. ஒலிபெருக்கிக் குழாய் ஒன்று பனையில் கட்டப்பட்டு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். முதல் பெயரிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாங்கில் இருந்து எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்கிறேன். சொன்னால் வெட்கம்: என் பெயரைக் கடைசியில் பயிற்றுநர் என்று சேர்த்து வாசிப்பார் என்று காத்திருந்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கோல் கீப்பரின் தாய் வந்தார். கயிற்றை யாரும் அவருக்குத் தூக்கிப் பிடிக்கவில்லை. கையால் அமத்திக் காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். பந்து மறுகரையில் நின்றது. நேராகக் கோல் போஸ்டுக்கு நடந்துபோய் மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு தாயோடு போனான். அவன் தாயை விட ஒரு சாண் உயரம்.

கோல் கீப்பர் மைதானத்தை விட்டுப் போனால் மத்தியஸ்தருக்கு அறிவித்து, இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அரைப் பக்கம் எழுதிப் புள்ளி வாங்கிய மறுமொழி. வெறும் கோலுக்குள் பந்து உருண்டு போனதை வாங்கில் இருந்து பார்த்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். கல் வைத்து அடையாளம் போட்டேன், பந்துக்குக் காற்று அடித்தேன். ஐந்து மணிக்கு யாரும் இல்லை, ஆறு மணிக்கும் யாரும் இல்லை. இருட்டுகிற நேரம் தகப்பன்மார் இரண்டு பேர் வந்தார்கள். கோபம் கூடக் காட்டவில்லை. "குறை நினையாதையுங்கோ மாஸ்டர், எங்கடையவன்ரை பேரை வெட்டிவிடுங்கோ" என்றார்கள். ஒரு கிழமைக்குள் பதினாலு பெயரையும் அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்தேன். பட்டணத்துக்கும் கொழும்புக்கும் போன பிரதிகளில் யார் கோடு கிழிப்பது என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு சுற்றிவளைப்பு என்று கேட்கும்போதெல்லாம் அந்த இரண்டு தாளும் என் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

கோல் கீப்பர் வீட்டுப் படலை பூட்டியிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு தரம் போய்த் திரும்பினேன். பெடியனைக் கொழும்புக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு, தாய் மட்டும் திரும்பி வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதினைந்து வயது. என் ஒரு கையெழுத்து அவனை எவ்வளவு தூரம் உதைத்துவிட்டது! அதற்குப் பிறகு படலை திறந்திருந்தும் நான் அந்த ஒழுங்கைக்குப் போகவில்லை. ஐந்து மணியானால் அறைக்குள் இருந்தேன். சட்டப்படி பெடியளைப் பழக்க அனுமதி உள்ள மனிதன், பழக்க ஒரு பெடியனும் இல்லாமல். இயந்திரம் ஓடியது, கட்டில் அதிர்ந்தது. அந்த மாதங்களைப் போல ஒரு தனிமையை நான் பிறகு அகதியாகத் திரிந்த காலத்திலும் அனுபவிக்கவில்லை, அங்கே குறைந்தது வரிசையில் முன்னுக்கும் பின்னுக்கும் ஆள் நின்றது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆலை வாசலில் அந்தத் தாய் நின்றார். கையில் நீலக் கரை போட்ட கடித உறை. நான் பதறிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இருங்கோ அக்கா."

"இல்லை, நிக்கிறன். நீங்களும் எங்கடை வீட்டை வந்து இருக்கேல்லைத்தானே."

குரலில் கோபம் இல்லை. ஆனால் மூன்று தரமும் நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற படலை என் முன்னால் வந்து நின்றது. அந்தப் பேதம் எனக்கு இல்லை என்று எவ்வளவு நாள் நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன்!

"இதை வாசிக்கவேணும் மாஸ்டர்" என்று உறையை நீட்டினார். "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. முந்தி அவன்தான் எல்லாம் வாசிச்சுச் சொல்லுறவன். அக்கம் பக்கத்திலை குடுத்தா அவன் எங்கை நிக்கிறான் எண்டு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"கையெழுத்து...?" என்றேன்.

"பெருவிரல்தான்."

அம்மான்ரை கையெழுத்து நல்ல வடிவா இருக்கு மாஸ்டர். அன்றைக்கு அவன் ஏமாறவில்லை. தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறான். விளையாட வேண்டும் என்ற ஆசையில் என் கள்ளத்தில் பாதியைத் தன் தலையில் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"அக்கா, அந்தப் பதிவேட்டிலை உங்கடை பேரை நான்தான்..."

"தெரியும். கொழும்புக்குப் போற வழியிலை சொன்னவன்." உறையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நீட்டினார். "அண்டைக்கு உங்களைக் கண்டிருந்தா என்ன சொல்லியிருப்பனோ தெரியாது. இப்ப சொல்லிப் பிரயோசனமில்லை. வாசியுங்கோ."

"இங்கை வேண்டாம். வீட்டை வாறன்" என்றேன்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு முதல்தரம் அந்தப் படலையைத் திறந்து உள்ளே போனேன். பாயில் இருந்தேன், தேத்தண்ணி தந்தார், குடித்தேன். பிறகு வாசித்தேன். பெடியன் சுகமாக இருக்கிறானாம். குளிராம். ஒரு அறையில் ஆறு பேராம். பக்கத்தில் புல்லு மைதானம் இருக்கிறதாம், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பானாம். கடைசியில் இப்படி இருந்தது: "இதை மாஸ்டர் வாசித்தால் அவருக்கு ஒன்று. கோலை விட்டுவிட்டுப் போனதற்கு என்னை மன்னிக்கச் சொல்லுங்கோ."

அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். தாய் காத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் வாசித்தேன்.

அதன் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்தேன், மறுமொழியும் நான்தான் எழுதினேன். என் பத்திரம் முடிகிற தொண்ணூறாம் ஆண்டில்தான் சண்டையில் மயிலிட்டியும் ஊரோடு எழும்பியது, அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகச் சிதறிப்போனோம். பத்திரத்தை நான் புதுப்பிக்கவில்லை. எந்த மைதானத்திலும் கயிற்றுக்கு உள்ளே போகவும் இல்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த முதல் மறுமொழி. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நல்லாச் சாப்பிடு. குளிருக்கை நிக்காதை. தமையனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முடிந்ததும் ஆலையில் இருந்து கொண்டுவந்த மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன்.

"பெருவிரலை வையுங்கோ அக்கா."

அவர் மைப்பெட்டியைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "அண்டைக்குப் போட்டனீங்களே, அது மாதிரிப் போடுங்கோ. வடிவா இருந்தது எண்டு சொன்னவன்."

எழுத்தைச் சரித்து, கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து, அவருடைய பெயரைப் போட்டேன். இந்தமுறை அவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.